சாலை உரிமையும் உயிர்க் காப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)

 

வெள்ளி விழா மேடையில் நிற்போர் கல்வியின் பெருமையைப் பேசுவர். கடந்துவந்த பாதையின் முள்ளையும் கல்லையும் நினைவுகூர்வர். அவற்றை நமக்கு முன்னே பேசியவர்கள் சிறப்பாகவே பேசிவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மூன்று விரல் அகலமே உள்ள ஒரு பட்டையைப் பற்றியது. காரில் ஏறி அமர்ந்ததும் நெஞ்சின் குறுக்கே இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டிய இருக்கைப் பட்டை. சீட் பெல்ட் என்று நாமெல்லாம் சொல்வது.

"இதைப் பேசவா இத்தனை பேரைக் கூட்டினீர்கள்?" என்று சிலர் எண்ணக்கூடும். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் செய்துவந்த வேலை என்ன? தீக்குச்சி அடுக்கிய கைகளில் புத்தகத்தைக் கொடுத்தது. பட்டாசுத் திரி கிள்ளிய விரல்களுக்குப் பேனா பிடிக்கக் கற்பித்தது. ஒரு குடும்பத்தில் முதல் பட்டதாரி உருவாக இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்த உயிர் சாலையில் உதிர ஒரு நொடி போதும். இருபது ஆண்டு உழைப்பை ஒரு நொடிக்குப் பலிகொடுக்கலாமா என்பதே இன்று நாம் கேட்க வந்த கேள்வி.

சாலை நமக்கு எளிதில் கிடைத்ததன்று

இளைஞர்களே! நீங்கள் இன்று நடக்கும் சாலை ஒரு காலத்தில் நமக்கு உரியதாக இல்லை. 1924 ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் எல்லா மக்களுக்கும் உரிமை உண்டு என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தெருவில் நடப்பதற்கே சட்டமன்றத்தில் தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது. அந்த உரிமையைத்தான் இன்று நாம் மோட்டார் வண்டியேறி அனுபவிக்கிறோம்.

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்விலே ஒரு வண்டி விபத்து உண்டு. அதை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். 1929 ஆம் ஆண்டு. தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசாங்கம் அமைத்த குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். கான்தேஷ் பகுதியில் நம்மவர்மீது சுமத்தப்பட்ட சமூகப் பகிஷ்காரம் ஒன்றை விசாரித்துத் திரும்பும் வழியில் சாலிஸ்கான் இரயில் நிலையத்தில் இறங்கினார். அவ்வூர் மகார் மக்கள் அன்றிரவு தம்மோடு தங்குமாறு அவரை வேண்டினர். அவரை அழைத்துச் செல்லக் குதிரை வண்டி தேடியபோது, மகார் ஒருவரை ஏற்றி ஓட்டுவது தம் மதிப்புக்குக் குறைவென்று வண்டிக்காரர் எவரும் வர மறுத்தனர். அறிஞரான விருந்தினரை நடத்தி அழைத்துச் செல்ல நம் மக்களுக்கு மனம் ஒப்பவில்லை. முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: வண்டியை வாடகைக்குத் தருவார்கள், ஓட்ட மட்டும் வரமாட்டார்கள். எனவே வண்டியோட்டிப் பழகாத நம்மவர் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். ஆற்றின் மேலிருந்த கற்பாலத்திலே சக்கரம் சிக்கிக்கொண்டது. அண்ணல் கல்தளத்தின்மீது தூக்கி எறியப்பட்டு நினைவிழந்தார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அவர் கால் முறிந்தது. பல நாள் நடமாட முடியாமல் இருந்தார்.

பின்னாளில் இதை எழுதும்போது அவர் இரண்டு உண்மைகளைச் சொன்னார். வண்டியோட்டும் எளிய மனிதனுங்கூட, சட்டம் படித்த ஒருவரைச் சாதியின் பெயரால் தனக்குக் கீழானவராகக் கருதும் கொடுமை முதலாவது. நம் மக்கள் விருந்தினரின் மதிப்பைக் காக்க எண்ணியபோது, அதனினும் பெரிது அவருடைய பாதுகாப்பு என்பதை மறந்துவிட்டனர் என்பது இரண்டாவது. குற்றம் சாதியுடையது, அதில் ஐயமில்லை. ஆயினும் தம் மக்களுக்குரிய பாடத்தையும் அண்ணல் மறைக்காமல் எழுதிவைத்தார். மதிப்பும் வேண்டும், மதிப்பைச் சுமந்து நடக்க உயிரும் வேண்டும்.

நம் மண்ணில் நடந்தது

நம் பகுதிக்கு வருவோம். விடியற்காலையில் விருதுநகர், சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் வட்டாரத்துக் கரிசல் ஊர்களின் முக்கில் நின்று பாருங்கள். தூக்குச் சட்டியுடன் பெண்கள் நிற்பார்கள். ஆலை வேன் வரும். பத்துப் பேர் அமரும் வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே ஏறிப் போனவர்கள், அல்லது உங்கள் அன்னையர் ஏறிப் போனவர்கள்.

1976 ஆம் ஆண்டில், சிவகாசி வட்டாரத்துக்குச் சிறுவர் தொழிலாளரை ஏற்றிச் சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகி 32 குழந்தைகள் மாண்டனர். அதன் பின்னரே தமிழ்நாடு அரசு ஹர்பன்ஸ் சிங் அவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்து, இங்குள்ள குழந்தை உழைப்பைப் பற்றி விசாரித்தது. தீப்பெட்டி ஆலைக்குள்ளே குழந்தைகள் வாடியதை நாடு அறிய, ஆலைக்கு வெளியே சாலையில் அவர்கள் மடிய வேண்டியிருந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பு வழங்கி, குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அக்குழந்தைகளின் தலைமுறையினர் சிலர் இன்று நம் எதிரே பெற்றோராய் அமர்ந்திருக்கிறார்கள்.

பட்டாசு ஆலையின் ஆபத்தை நாம் அறிவோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்க முடியுமா? அதனால்தான் ஆலைக்குள் நாம் ஒழுங்கைக் கைக்கொள்கிறோம். மருந்து அறையில் இரும்புக் கருவி கூடாது. பருத்தி ஆடையே உடுத்த வேண்டும். குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் அமரக் கூடாது. கதவுகள் திறந்தே இருக்க வேண்டும். ஆலையிலே இவ்விதிகள் மீறப்பட்டால் நாம் கேள்வி கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். மாலையில் வேனில் ஏறியதும் அதே நாம் விதியை மறந்துவிடுகிறோம். பொறி பட்டால் சாவு என்று அறிந்தவர்களுக்கு, வேகமும் ஒரு வெடிமருந்தே என்று தெரியாமற் போவது ஏன்?

வேகம் என்னும் வெடிமருந்து

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒன்று நின்றிருக்கும் லாரியில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் நின்றுவிடும். உள்ளே இருக்கும் மனிதன் நிற்பதில்லை. அவன் உடல் அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிச் செல்லும்; எதிரே உள்ள கண்ணாடியோ, திருகு சக்கரமோ, முன் இருக்கையோ அதைத் தடுக்கும் வரை செல்லும். அந்த அடியின் கடுமை, ஏறக்குறைய நான்கு மாடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்கு ஒப்பானது. நான்காம் மாடியின் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்க எவரும் துணிவதில்லை. பட்டை மாட்டாமல் வண்டியில் அமர நாள்தோறும் துணிகிறோம்.

இருக்கைப் பட்டை செய்யும் வேலை இரண்டு. உடலை இருக்கையோடு பிணைத்து, வண்டியின் முன்பகுதி நசுங்கும் அந்தச் சிறு பொழுதில் உடலும் சேர்ந்து மெல்ல வேகம் குறையச் செய்கிறது. அடியின் விசையை உடலின் வலிய எலும்புகளாகிய தோளெலும்பு, மார்பெலும்பு, இடுப்பெலும்பு ஆகியவற்றின்மீது பகிர்ந்து வைக்கிறது. மூளையையும் முகத்தையும் கழுத்தையும் காக்கிறது. வண்டியிலிருந்து வெளியே எறியப்படாமல் தடுக்கிறது. சாலிஸ்கான் பாலத்திலே அண்ணலின் காலை முறித்தது எதுவோ, அந்த எறியப்படுதலையே இப்பட்டை தடுக்கிறது.

தோளிலிருந்து இடுப்புவரை செல்லும் மும்முனைப் பட்டையை 1959 ஆம் ஆண்டில் வால்வோ நிறுவனத்தில் பணியாற்றிய நீல்ஸ் போலின் என்னும் சுவீடன் நாட்டுப் பொறியாளர் அமைத்தார். அதற்குமுன் அவர் விமானத்திலிருந்து விமானியை வெளியேற்றும் இருக்கைகளை வடிவமைத்தவர். அந்நிறுவனம் இக்கண்டுபிடிப்பைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல், எல்லா உற்பத்தியாளரும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. 1970 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பட்டை அணிவதைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. முன் இருக்கையில் இருப்போர் சாகும் வாய்ப்பைப் பட்டை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நம் நாட்டின் கணக்கு என்ன? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022 ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் பட்டை அணியாமல் இறந்தோர் 16,715 பேர். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். அதே ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் மட்டும் 17,884 பேர் உயிரிழந்தனர். பட்டை அணியாது இறந்தவர்களுள் 8,384 பேர் ஓட்டுநர்கள். 8,331 பேர் உடன் சென்ற பயணிகள். அதாவது ஏறக்குறையச் சரிபாதி. ஓட்டுபவர் மட்டும் மாட்டினால் போதும் என்னும் நம் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பின் இருக்கைக்காரர் ஒருவர்

2022 செப்டம்பர் 4 அன்று மகாராட்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் விலையுயர்ந்த கார் ஒன்று மோதியது. டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும், அவருடன் பின் இருக்கையில் இருந்த மற்றொருவரும் மாண்டனர். இருவரும் பட்டை அணியவில்லை என்று காவல்துறை கூறிற்று. முன் இருக்கையில் இருந்த இருவரும் கடுங்காயத்துடன் உயிர் பிழைத்தனர். செல்வம் அவரைக் காக்கவில்லை. வண்டியின் விலை காக்கவில்லை. கோடீசுவரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் இயற்கை ஒரே சட்டத்தை வைத்திருக்கிறது.

நாம் கண்ணால் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் மாலை வகுப்பில் பயின்று, பட்டம் பெற்று, அரசுப் பணித் தேர்விலும் வென்ற இளைஞர் ஒருவர். பெயர் வேண்டாம், அவரை அறிந்தோர் இம்மண்டபத்தில் பலர். பணி ஆணை கைக்கு வந்த மாதம், பெண் பார்க்க வாடகைக் காரில் குடும்பத்தோடு புறப்பட்டார். நாமும் பின்னால் மற்றொரு வண்டியில் சென்றோம். அவர் முன் இருக்கையில் பட்டை அணிந்தே அமர்ந்திருந்தார். பின் இருக்கையில் தந்தையும் தாயும் அத்தையும் இருந்தனர். பின்பட்டைகள் இருக்கைக்கு அடியில் செருகிக் கிடந்தன. உறை கசங்காதிருக்கச் செருகியதாம். சாத்தூருக்கு அருகே நான்குவழிச் சாலையோரத்தில் விளக்கின்றி நின்ற லாரியின் பின்புறத்தில் அந்தக் கார் மோதியது. பட்டை மகனைப் பிடித்தது. தந்தையைப் பிடிக்க எதுவும் இல்லை. அவர் உடல் முன் இருக்கையோடு மகனின் முதுகில் மோதியது. தந்தை அங்கேயே மாண்டார். மகன் பிழைத்தார், ஆயினும் அவரால் இன்றும் ஊன்றுகோலின்றி நடக்க முடியாது.

தன் வாழ்நாளெல்லாம் குழாயில் மருந்து அடைத்து, மகனைப் படிக்க வைத்த தந்தை, தான் அறியாமலே அந்த மகனின் முதுகெலும்பை முறித்தார். இதைவிடக் கொடிய செய்தி எதை நாம் சொல்ல முடியும்? பின் இருக்கையில் பட்டை அணியாதவர் தமக்கு மட்டும் தீங்கு செய்துகொள்ளவில்லை. முன்னே இருப்பவருக்கும் தீங்காகிறார். "என் உயிர், என் விருப்பம்" என்னும் வாதம் இங்கே பொருளற்றுப் போகிறது.

சொல்லப்படும் சாக்குகள்

"பக்கத்து ஊர்தானே" என்பர். சாவு தொலைவை அளந்து வருவதில்லை. "தீப்பிடித்தால் வெளியே வர முடியாதே" என்பர்; வெடிமருந்தோடு வாழும் நமக்கு இந்த அச்சம் இயல்பே. ஆனால் தீயிலிருந்து வெளியேற நினைவு இருக்க வேண்டும். கை கால் இயங்க வேண்டும். மோதலில் தலையடிபட்டு மயங்கியவன் எப்படிக் கதவைத் திறப்பான்? பட்டையைக் கழற்ற ஒரு பொத்தான் போதும். "குழந்தையை மடியில் இறுகப் பிடித்துக்கொள்வேன்" என்று தாய்மார் சொல்வர். பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளை மோதலின் கணத்தில் நூறு கிலோவுக்கும் மேற்பட்ட மூட்டையைப் போல் இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. கருவுற்ற பெண்கள் அணியலாகாது என்பதும் தவறு. கீழ்ப்பட்டை வயிற்றின்மீது படாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின்மீது படியுமாறு அணிய வேண்டும். மேற்பட்டை தோளின் நடுவே செல்ல வேண்டும். கழுத்தில் உரசவும் கூடாது, கையிடுக்கில் போகவும் கூடாது, முறுக்கிக்கொள்ளவும் கூடாது.

இன்னும் ஒரு சாக்கு உண்டு. அது வாயால் சொல்லப்படாதது. நம் இளைஞர்களுள் பலர் ஓட்டுநர்கள். கார் ஓட்டுகிறார்கள், வேன் ஓட்டுகிறார்கள், பட்டாசு ஏற்றிய லாரியை வடநாடுவரை ஓட்டிச் செல்கிறார்கள். "முதலாளியிடம் பெல்ட் போடுங்கள் என்று நான் எப்படிச் சொல்வது?" என்று ஒரு தம்பி நம்மிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குள் நூற்றாண்டுகளின் சுமை இருக்கிறது. தம்பி! வண்டி ஓடும்வரை அதன் பொறுப்பு உன்னுடையது. திருகு சக்கரம் உன் கையில் இருக்கிறது. சாலிஸ்கானில் நம்மை ஏற்றி ஓட்ட மாட்டேன் என்றார்கள். இன்று எல்லோரையும் ஏற்றி ஓட்டும் தேர்ச்சி நம்மிடம் இருக்கிறது. "எல்லோரும் பட்டை மாட்டிய பிறகு புறப்படலாம் ஐயா" என்று பணிவோடும் உறுதியோடும் சொல். அது அடக்கமின்மை அன்று, தொழில் அறிவு.

சட்டம் சொல்வது

1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பட்டை பொருத்தப்பட்ட வண்டியில் ஓட்டுநரும், முன் இருக்கையில் இருப்பவரும், முன்னோக்கி அமைந்த பின் இருக்கையில் இருப்போரும் அதை அணிய வேண்டும் என்கின்றன. 2019 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அணியாதவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பட்டையின்றி ஏற்றிச் சென்றாலும் அதே அபராதம் உண்டு. அபராதத்துக்கு அஞ்சி, எச்சரிக்கை ஒலியை அடக்கும் கொளுவியை வாங்கி மாட்டுவோர் உண்டு. அவர்கள் ஏமாற்றுவது காவலரை அன்று, தம் வீட்டாரை.

மற்றொன்றையும் மனத்திற் பதிய வையுங்கள். கோயில் கொடைக்கும், திருமணத்துக்கும், துக்கத்துக்கும் "குட்டி யானை" என்னும் சரக்கு வண்டியில் இருபது பேர் நின்றுகொண்டு போகிறோம். அங்கே பட்டையும் இல்லை, இருக்கையும் இல்லை. விபத்து நேர்ந்தால் இழப்பீடும் எளிதன்று. சரக்கு வாகனத்தில் பயணியாக ஏறிச் சென்றவருக்கு இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதன்று என்று 2002 ஆம் ஆண்டில் ஆஷா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாடகையில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், உயிரையும் இழந்து, அநாதையாகும் பிள்ளைகளின் உரிமையையும் இழக்கலாமா?

நாம் கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

எல்லாப் பழியையும் நம் மக்கள்மீதே போட நாம் வரவில்லை. ஆலை வேனில் பட்டை இல்லையென்றால் அது தொழிலாளியின் குற்றமன்று. இருக்கைக்கு ஓர் ஆள், உரிமம் பெற்ற ஓட்டுநர், நடப்பிலுள்ள தகுதிச் சான்று, காப்பீடு ஆகிய இவை நான்கும் தொழிலாளர் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள். போனசுக்காக ஒன்றுகூடும் நாம் உயிருக்காகவும் ஒன்றுகூட வேண்டும். தனியே கேட்டால் வேலை போகும் என்னும் அச்சம் உண்மையானது. எனவே சங்கமாகக் கேட்போம். கேட்டுப் பெற வேண்டியதைக் கேட்போம்; நம் கையில் இருப்பதை இன்றே செய்வோம்.

ஆதலின் இவ்வெள்ளி விழாவில் ஐந்து உறுதிகளை உங்கள்முன் வைக்கிறோம்.

ஒன்று: காரிலோ, பட்டையுள்ள எந்த வண்டியிலோ, முன்னும் பின்னும் எல்லோரும் மாட்டிய பிறகே வண்டியை நகர்த்துவோம். இரு சக்கர வண்டியில் இருவரும் தலைக்கவசம் அணிவோம்.

இரண்டு: நம் குடும்ப நிகழ்ச்சிகளுக்கு ஆட்களைச் சரக்கு வண்டியில் ஏற்ற மாட்டோம். தனித்தனியே வாடகை கொடுக்க இயலாதவர்கள் சேர்ந்து பேருந்து அமர்த்துவோம்.

மூன்று: பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் விதிக்க 2019 ஆம் ஆண்டின் திருத்தம் வழிசெய்கிறது.

நான்கு: விபத்தைக் கண்டால் ஒதுங்கிப் போக மாட்டோம். 108 ஐ அழைப்போம். நல்லெண்ணத்தோடு உதவுபவரைச் சட்டம் காக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரையறுத்த தொகைவரை தமிழ்நாடு அரசே ஏற்கிறது. பணமில்லையே என்று அடிபட்டவரை வீட்டுக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை.

ஐந்து: நம் மாலை வகுப்புகளில் ஆண்டுக்கு ஒருநாள் இப்பாடத்தை நடத்துவோம். ஊன்றுகோலோடு நிற்கும் அந்த இளைஞரே அதை நடத்த முன்வந்திருக்கிறார். அவரைவிடத் தகுதியான ஆசிரியர் வேறு யார்?

பெரியோர்களே, இளைஞர்களே! நம் உயிர் மலிவானது என்று இவ்வுலகம் நெடுங்காலம் நமக்குச் சொல்லிவந்தது. நம்மில் சிலர் அதை நம்பியும் விட்டனர். "நமக்கென்ன, போனால் போகட்டும்" என்னும் சொல் அந்த நம்பிக்கையிலிருந்தே பிறந்தது. அந்தச் சொல்லை இன்றோடு விட்டொழிப்போம். நெஞ்சின் குறுக்கே பட்டையை இழுத்து மாட்டும்போதெல்லாம் நாம் சொல்வது ஒன்றே: இந்த உயிருக்கு மதிப்பு உண்டு, இதற்காகக் காத்திருக்கும் வீடு உண்டு, இது இன்னும் செய்ய வேண்டிய பணி உண்டு.

நம் முன்னோர் சாலையில் நடக்கும் உரிமையைப் பெற்றுத் தந்தனர். அச்சாலையில் சென்று, உயிரோடு வீடு திரும்புவது நம் கடமை. இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இன்று இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவரும் குறையாமல் இதே மண்டபத்தில் கூடியிருக்க வேண்டும் என்னும் வேண்டுகோளோடு அமைகிறோம்.

வணக்கம். ஜெய் பீம்!